குழாய்த் துரையின் கடைசிக் கவளம்

உங்கள் ஸ்டேஷனில் பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போடுவது நல்ல பழக்கம், ஐயா. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சீனியை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, சிங்களத்தில் தானே எழுதிக்கொள்வதாகக் கான்ஸ்டபிள் ஜெயகாந்த் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கும் சிங்களம் தெரியும். ஆனால் செய்த காரியத்தைத் தன் மொழியில் சொன்னால்தான் மனிதன் நிதானமாகச் சொல்வான். நானே எழுதித் தருகிறேன், அவர் பிறகு மொழிபெயர்க்கட்டும்.

என் பெயர் சில்வெஸ்டர். பலாபத்வலயில் கண்டி வீதியோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் குழாய்த் துரையின் சாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதை ஆரம்பத்திலிருந்துதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ கெட்ட மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மல்ரூனி என்று ஒரு துரை இருந்தார். அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். அவரைத் தேயிலை வளர்க்க அனுப்பினார்கள், அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்டரிக்கு வந்த தகரத்தை எடுத்துப் பங்களாவுக்குப் பின்னால் வட்டமாக ஒரு கூண்டு கட்டி, அதற்குள் ஆள் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கியை நிறுத்தினார். நம்முடைய சனங்கள் அவருக்குக் குழாய்த் துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பகல் முழுவதும் தூங்குவார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வேண்டிய பெரட்டைப் பொழுது சாய்ந்த பிறகு வைப்பார். பெண்கள் நிலா வெளிச்சத்தில் கொழுந்து பறித்தார்களாம். பங்களா மாடுகளுக்கெல்லாம் நட்சத்திரங்களின் பெயர். சிரியஸ் வேலி பாய்ந்துவிட்டது, வேகா கன்று போட்டது என்றுதான் மாட்டுக்காரன் வந்து சொல்ல வேண்டும். ஒருமுறை வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயரையும் வைத்தார். எதிர் மலையில் இரவில் தீ மூட்டிக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பொலிஸ் பிடித்த அன்று அந்த வால்வெள்ளி மறைந்துவிட்டது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் வெளிச்சம் வானத்தைக் கெடுக்கிறது என்று அவர் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் விளக்கை நிறுத்தினார். பிறகு ஆத்துமாக்கள் திருநாளில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதையும் நிறுத்தினார். அவருக்குச் சமைத்துப்போட்ட குசினிக்காரர்தான் என் பூட்டன் மிக்கேல், என் தாத்தாவின் அப்பா. அந்த வருஷம் பூட்டனுடைய பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதன் குழிமேட்டில் பூட்டன் ஒரே ஒரு மெழுகுதிரி ஏற்றினார். துரை கூண்டிலிருந்து இறங்கி வந்து அதைத் தொப்பியால் அடித்து அணைத்தாராம். மறுநாள் விடிந்தபோது துரை குழாயில் கண்ணை வைத்தபடியே செத்திருந்தார். மடியில் ஆட்டுக்கறித் தட்டு, பாதி சாப்பிட்டபடி.

பூட்டனை மாத்தளைச் சிறையில் வைத்து விசாரித்தார்கள். அந்தக் காலத்து டாக்டர்களால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். கொன்றாயா என்று கேட்டவர்களிடம் அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவாராம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஆத்துமாக்கள் திருநாள் மதியத்தில் அதே கறியைச் சமைத்துத் துரையின் கல்லறைக்குக் கொண்டுபோனார். அது மன்னிப்பா நக்கலா என்று எங்களுக்கே தெரியாது. அவருக்குப் பிறகு தாத்தா, அப்பா, இப்போது நான். குடும்பத்தில் மூத்தவன் முதல் கவளத்தைக் கல்லறை மண்ணில் வைத்து, "தொரை, சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்தக் கறியால்தான் அவர் செத்தார் என்பதையும், அதையே நாங்கள் நூற்று நாற்பது வருஷமாக அவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

என் கடையில் விற்பதும் அதே கறிதான். போர்டில் "துரையை முடித்த கறி" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அரைத் தட்டுக்கு அரைக்கொலை என்று பெயர், முழுத் தட்டுக்கு முழுக்கொலை. போன வருஷம் நீங்களே வந்து அரைக்கொலை வாங்கிவிட்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டீர்கள். போர்டில் பூட்டனின் முகமும் இருக்கிறது. அவரை யாரும் படம் எடுத்ததில்லை. ஆர்ட்டிஸ்டுக்குப் பார்த்து வரைய ஒரு முகம் தேவைப்பட்டது, நான் உட்கார்ந்தேன்.

இதை நான் வியாபாரத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கறி நன்றாக இருந்தால் கொலை இல்லாமலும் விற்கும். விஷயம் வேறு. அந்தத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, அட்டைக்கடி பட்டுச் செத்துப்போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒருவருடைய பெயராவது யாருக்காவது தெரியுமா? துரைமார் பெயர் தெரியும், அவர்களுடைய மாடுகளின் பெயர்கூடத் தெரியும். நம்முடைய ஆட்களில் ஊருக்கே பெயர் தெரிந்தவர் மிக்கேல் ஒருவர்தான். அவரும் துரையைக் கொன்றதால்தான் தெரிந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னைக் கொலைகாரன் பேரன் என்று கூப்பிடுவார்கள். எனக்கு மார்பு விரியும். வேறு எதற்கும் எனக்கு அப்படி விரிந்ததில்லை, ஐயா.

பிறகு ஹம்சிகா வந்தார். பழைய காலத்து வானியல்காரர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். துரையின் மர்மச் சாவைத் துலக்க வேண்டுமென்று நீதிமன்றத்தில், ஆயரிடத்தில் எல்லாம் அனுமதி வாங்கிக் கல்லறையைத் திறந்தார். செங்கல் அறை, தேக்குப் பெட்டி, அதனால் துரை அவ்வளவாகக் கெட்டுப்போயிருக்கவில்லை. எலும்புகளை எடுத்துத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பின்னறையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார்கள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பூட்டனின் வேலையை விஞ்ஞானமே வந்து பாராட்டப்போகிறது என்று நினைத்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஹம்சிகா கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்கிள், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஒங்க பூட்டன் கொலைகாரர் இல்ல."

நான் இலையைப் போட்டு, சோறு வைத்து, "அப்படீங்களா?" என்றேன்.

"தொண்டை எலும்புக்கிட்ட ஒரு சின்ன ஆட்டெலும்பு கெடச்சிச்சு. தொரை குழாயில கண்ண வச்சிக்கிட்டே, தட்டப் பாக்காம சாப்பிட்டிருக்காரு. எலும்பு அடைச்சிருச்சு. வெறும் விபத்து. பல்லுலதான் எல்லாம் தங்கும், அதைக் கொழும்புக்கு அனுப்பிப் பாத்தா நஞ்சு இல்லைங்கிறது உறுதியாயிரும். திருநாள் முடிஞ்ச மறுநாள் அனுப்புறோம்."

"நல்லா சாப்பிடுங்க," என்றேன்.

"இத்தனை வருஷமா ஒங்க குடும்பத்து மேல இருந்த பழி போயிருச்சு அங்கிள். இனி ஒங்க பூட்டன் பேரு சுத்தம்."

அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டாம் தரம் கறி வைத்தேன், காசும் வாங்கவில்லை. ஆனால் சுத்தமான பெயரை வைத்து நாங்கள் என்ன செய்வது? சுத்தமான பெயர் இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தோட்டத்துப் புல்லுக்கடியில்தான் கிடக்கிறார்கள், யாரும் ஒரு சொல் கேட்பதில்லை. மிக்கேல் இனிமேல் கறியில் எலும்பைச் சரியாக வெட்டத் தெரியாத ஒரு குசினிக்காரர். அவ்வளவுதான் மிஞ்சும். அன்றைக்கு எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. கடையில் ஆட்கள் இருந்ததால் வெங்காயம் உரித்தேன்.

ஆகவே நான் எடுத்த முடிவு நியாயமான முடிவு என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

பலாபத்வலயில் உரம், மருந்து விற்கும் யாகூப் நானா என் முப்பது வருஷச் சிநேகிதர். அவருடைய கடையின் பின் அலுமாரியில், தடைசெய்வதற்கு முன் வந்த பழைய பூச்சிமருந்து டின் ஒன்று கிடந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துபோன டின். அதில் கொஞ்சம் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"கறையானுக்கு நானா. செத்த மரம் ஒண்ணுல ஏறியிருக்கு."

"செத்த மரத்துக்கு எதுக்கு மருந்து? வெட்டி அடுப்புல வைங்க."

"வைக்க ஏலாது. பழைய மரம். எல்லாருக்கும் மரியாதை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் கொடுத்தார். என் அவசரத்தில் அவரை ஏமாற்றிவிட்டேன். இந்த வாக்குமூலத்தில் நான் வருத்தப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

ஆத்துமாக்கள் திருநாளன்று காலையில் பின்பக்கத்து அடுப்பில் தனியாகச் சமைத்தேன். நல்ல நெஞ்செலும்புக் கறி, பூட்டன் முறைப்படி கொச்சிக்காய் வறுத்து அரைத்தது. இறக்கும்போது மருந்தைக் கலந்தேன். உப்புப் பார்க்காமல் நான் இறக்கிய ஒரே கறி அதுதான். குறைந்திருந்தால் துரை மன்னிக்க வேண்டும். மிச்சத்தைக் குழி தோண்டிக் கொட்டி, சட்டியையும் அதிலேயே போட்டு மூடினேன். என் மனைவி மரிய கொறற்றி வந்து நின்றாள்.

"ஏங்க, அந்தச் சட்டி எங்க?"

"பொதைச்சிட்டேன்."

"சட்டியையா?"

"பழசாயிருச்சு."

"பழசானதையெல்லாம் பொதைக்கிறதுன்னா நீங்களும் கொஞ்சம் கவனமா இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதியம் தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். ஃபாதர், ஹம்சிகா, அவருடைய மாணவர்கள், தோட்டத்துச் சனம் எல்லோரும் கல்லறை மந்திரிப்புக்காக, குழிகள் இருக்கிற சேமக்காலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "ஃபாதர், தொரை இப்ப குழியில இல்லியே. வழக்கமான சாப்பாட்ட எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். ஃபாதருக்கு மனம் இளகிவிட்டது. பின்னறையைத் திறந்துவிட்டு, துரைக்குப் பக்கத்தில் வையுங்கள், எலும்புகளைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹம்சிகா கைகூப்பினார். நூற்று நாற்பது வருஷத்து வழக்கத்தை யார்தான் சந்தேகிப்பார்கள்?

துரையை நான் முகத்துக்கு முகம் பார்த்தது அன்றுதான். பற்கள் நன்றாக இருந்தன, என்னுடையதைவிட நன்றாக. வெளியே சனங்கள் ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது. என் முன்னோர்கள் கவளத்தை மண்ணில் வைத்தார்கள். நான் கையில் சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு, தாடையை மெதுவாக இறக்கி, வாயில் வைத்தேன். "தொரை, சாப்பிடுங்க," என்றேன். அவர் மறுக்கவில்லை. இன்னொரு கவளமும் கொடுத்தேன், ஒரு கவளத்தோடு எழும்பினால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். பிறகு பல்லிடுக்கில் குழம்பு நன்றாக இறங்குமட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு 'அருள்நிறைந்த மரியாயே' ஜெபம் சொன்னேன். துணியால் வாயைத் துடைத்துவிட்டேன். அழுக்கு வாயோடு ஒருவரை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது. தட்டு, துணி எல்லாவற்றையும் எடுத்துவந்து எரித்தேன்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது. பல்லில் நஞ்சு இருக்கிறது என்று ஹம்சிகா போனில் சொன்னபோது நான் கடையில் எல்லோருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்தேன். அறிக்கையின் அடுத்த பக்கத்தை அவர் மறுநாள்தான் வாசித்தார். அந்த நஞ்சு உலகத்தில் உண்டானதே துரை செத்து எழுபது எண்பது வருஷத்துக்குப் பிறகுதானாம். நஞ்சு என்றால் நஞ்சுதானே என்று நான் நினைத்திருந்தேன், ஐயா. அதற்கும் பிறந்த வருஷம் இருக்குமென்று யார் கண்டது?

அப்போது நீங்கள் வந்தீர்கள். இது துரையே இல்லை, அண்மையில் யாரோ ஒருவரைக் கொன்று துரையின் கல்லறையில் ஒளித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தீர்கள். மாத்தளை மாவட்டத்தில் காணாமல் போனவர்களை எல்லாம் தேடினீர்கள். இரத்தோட்டையிலிருந்து ஒரு அம்மா வந்து, அது தன் புருஷன்தான் என்று மண்டையோட்டைப் பார்த்து அழுது, இறப்புச் சான்றிதழ் கேட்டார். அந்தப் புருஷன் அலுவிகாரையில் வேறொரு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் பழக்கம். ஒரு நாள் மீசையைக்கூடத் தடவிப் பார்த்தேன்.

பிறகு அந்த மருந்து இன்னும் யாரிடம் இருக்கிறது என்று தேடி யாகூப் நானாவைப் பிடித்தீர்கள். அவருடைய மனைவி பீபி அழுதுகொண்டு என் கடைக்கு வந்தார்.

"சில்வெஸ்டர் தம்பி, எங்கட ஆள புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஒரு எறும்பக்கூட மிதிக்காத மனிசன். ஆரயோ கொன்னு பொதச்சதாம். என்ன கேட்டாலும் வாய் தொறக்காராம். நீங்க ஒருக்காப் போய்ப் பேசுங்களேன், ஒங்கட பேச்சக் கேப்பாரு."

சோறு, பருப்பு, கத்தரிக்காய் பொரியல் கட்டிக்கொண்டு உங்கள் கூண்டுக்கு வந்தேன். ஜெயகாந்த் தம்பி என்னையே முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். கம்பிக்குள் இருந்து யாகூப் நானா பொட்டலத்தை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்வெஸ்டர்," என்றார், "செத்த மரம்னு சொன்னீங்களே. அந்த மரத்துக்குப் பல்லு இருந்திச்சா?"

நான் பொட்டலத்தைக் கம்பிக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"மொத நாளே எனக்கு வெளங்கிட்டு. நான் சொல்ல மாட்டன். சொன்னா ஒங்கட பூட்டன்ட பேரு போயிரும் எலவா? போர்டக் கழட்ட வேண்டி வரும். அல்லாஹ் பாத்துக்குவான், நீங்க போங்க."

கண் கலங்கிவிட்டது, ஐயா. சொந்தத் தம்பி செய்வானா இதை? ஒரு மனிதன் தான் செய்யாத கொலைக்காக உள்ளே இருக்கிறான், இன்னொரு மனிதனின் பூட்டன் செய்யாத கொலையைக் காப்பாற்றுவதற்காக. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தாங்கவில்லை. யாகூப் நானாவைக் காப்பாற்றினால் மிக்கேல் போய்விடுவார், மிக்கேலை வைத்துக்கொண்டால் யாகூப் நானா போய்விடுவார். பலாபத்வலயில் இறங்கிக் கடைப் போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டன் என்னைப் பார்த்தார். என் முகம்தான், ஆனாலும் அவர் பார்த்தது போலத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் வெளித்தது. இரண்டு பேரில் ஒருவரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே இது என் முழு ஒப்புதல். யாகூப் நானாவுக்கு எதுவும் தெரியாது, அவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். மண்டையோடு மல்ரூனி துரையுடையதுதான். அவர் வாயில் நஞ்சை வைத்தவன் நான். புதைத்தவற்றை அசுத்தப்படுத்திய குற்றம் என்று ஏதோ சின்னப் பிரிவு இருப்பதாகவும், அபராதத்தோடு போய்விடும் என்றும் ஜெயகாந்த் தம்பி ஆறுதல் சொன்னார். எனக்கு அந்தப் பிரிவு வேண்டாம். கொலை என்றே எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள். மெழுகுதிரியை அணைத்த அன்றே பூட்டனின் மனதில் அது இருந்தது. இல்லாவிட்டால் ஏன் மீசையைத் தடவ வேண்டும்? மருந்துதான் அந்தக் காலத்தில் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் சமைத்தார், எலும்பு அடைத்தது, நஞ்சை நான் கொடுத்தேன். அதே கறி, அதே வாய், அதே குடும்பம். நடுவில் கொஞ்சக் காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே கொலை, செய்தவர்கள் இரண்டு பேர். ஹம்சிகாவின் புத்தகத்திலும் அப்படியே வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷம் துரையைத் திரும்ப அடக்கும்போது பக்கத்தில் பூட்டனின் குழந்தைக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி ஃபாதரிடம் கேட்டுக்கொண்டேன். அதன் குழி எது என்று தெரியாது. எங்கே ஏற்றினாலும் சரி என்றார்.

எனக்கென்று நான் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் மிக்கேல் என்ற ஒரு மனிதரின் பெயருக்காகத்தான் செய்தேன், என் பெயர் பெரிதில்லை. ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். கடையில் காசு மேசை லாச்சியில் என் படம் ஒன்று இருக்கிறது, மரிய கொறற்றி எடுத்துத் தருவாள். கோட் போட்டு, மீசையை முறுக்கி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்தின கிழமை மாத்தளை டவுனில் போய் எடுத்தது.